புதுக்கன்றின் இலை ஏன் ஒட்டுகிறது?

வாங்கிவந்த ஒட்டு மாங்கன்றின் இலை எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஒட்டுகிற இலையையே புரட்டிப் புரட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அது பெரும்பாலும் மேலே இருந்து சாறு உறிஞ்சும் பூச்சி சொட்டியது. நேர்மேலே உள்ள இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

செடியின் உரியத்தில் (இலையில் உண்டான உணவைக் கொண்டுசெல்லும் குழாய்களில்) ஓடும் சாற்றில் வெல்லம் மிகுதி, அமினோ அமிலம் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காகப் பூச்சி சாற்றை ஏராளமாக உறிஞ்சுகிறது. மிஞ்சும் வெல்லத்தைப் பின்வழியாகத் துளிகளாக வெளியேற்றுகிறது. எறும்பு ஏறுவதும் இதை நக்கத்தான். பதிலுக்கு அது பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டிவிடும்.

கணுவிடுக்கில் பஞ்சுபோல் இருந்தால் வெண்மூட்டுப்பூச்சி. கிளையைத் தட்டியதும் வெள்ளையாகப் பறந்தால் வெண் ஈ. இளங்குருத்தில் மொய்ப்பது அழுக்கணவன். ஏமாற்றுவது செதில் பூச்சிதான்: அசையாமல், பட்டையின் முண்டுபோலவே இருக்கும். நகத்தால் நெம்புங்கள், பூச்சியென்றால் கழன்று வரும். ஒட்டுக்கட்டிய பொலித்தீன் நாடாவின் மடிப்பையும் சட்டியின் அடித்துளையையும் பார்க்காமல் விடாதீர்கள்.

எல்லாப் பிசுபிசுப்பும் பூச்சியுடையதல்ல. கொடித்தோடையில் இலை காம்போடு சேருமிடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. அங்கே இனிப்புத் துளி நிற்பது அதன் இயல்பு. மாங்கன்றின் வெட்டுவாயில் வடிவது பால். ஈரத்துணியால் துடைத்தால் வெல்லம் கரைந்து போகும், காய்ந்த மாம்பால் போகாது.

இன்னும் ஐயமென்றால், இலைகளைக் கழுவிவிட்டு இரவில் கன்றின் கீழ் பொலித்தீன் தாளை விரியுங்கள். காலையில் ஒட்டும் புள்ளிகள் விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது.

மருந்து எளிது: 1 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி (5 மில்லிலீற்றர்) திரவச் சவர்க்காரம். ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறியது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும். பூச்சிக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். மருந்து பலிக்கவில்லை என்று சவர்க்காரத்தைக் கூட்டினால் கருகுவது இலை. மழைநீரில் கலவுங்கள். உடுப்புத் தோய்க்கும் தூளைத் தொடவே வேண்டாம்.

முதலில் ஓரிலையில் தெளித்து ஒரு நாள் பொறுங்கள். கருகாவிட்டால், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். படாத பூச்சி சாகாது. முட்டையும் தப்பிவிடும் என்பதால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை அடிக்க வேண்டும். கணுவிடுக்கில் ஒளிந்ததை ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். மூன்று முறையும் அடித்து முடியும்வரை கன்றை வளவிலுள்ள மற்ற மரங்களுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

இலையில் கரிபோலப் படிவது அந்த வெல்லத்தில் வளரும் பங்கசு. அது இலைக்குள் இறங்காது, வெளிச்சத்தை மட்டும் மறைக்கும். பூச்சி செத்த பிறகும் சில காலம் கிடக்கும். அதைப் பார்த்து மறுபடி மருந்தடிக்க ஓடாமல், புதிதாக விடும் தளிர் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.