'ஓடுகிறது' என்று விற்கப்படும் பழைய எட்டு மில்லிமீற்றர் கமராக்கள்

மலையகத்தின் பழைய சாமான் கடைகளிலும் முகநூல் விளம்பரங்களிலும் பழைய வீட்டுச் சினிமாக் கமராக்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. தோட்டத் துரைமார் விட்டுச் சென்றவை, பங்களாவில் வேலை செய்தவர்களின் கைக்கு வந்தவை, வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்தவை என்று அவை வந்த வழி எதுவானாலும், விற்பவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா ஓடுது, சத்தத்தைக் கேட்டுப் பாருங்க." இவற்றைத் திருத்துவதையும் வாங்கி விற்பதையும் தொழிலாகக் கொண்ட நான், அந்தச் சத்தத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்றே கேட்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

முதலில், எந்தச் சுருளைக் கேட்கும் கமரா என்று பாருங்கள். 1932இல் கோடக் அறிமுகப்படுத்திய பழைய எட்டு முறையில், 16 மில்லிமீற்றர் அகலமுள்ள 25 அடிச் சுருளை ஒரு பக்கம் முடிந்ததும் புரட்டி மாட்டுவார்கள். கழுவிய பின் அது நடுவே பிளக்கப்பட்டு 50 அடியாகும். 1965இல் வந்த சுப்பர் 8, பெட்டிபோல உள்ளே செருகும் கார்ட்ரிட்ஜ் வகை. அதற்கு இன்றும் கோடக் சுருள் கிடைக்கிறது. அதே ஆண்டில் வந்த புஜியின் சிங்கிள் 8 கமராவுக்குள் சுப்பர் 8 கார்ட்ரிட்ஜ் நுழையாது. அதை அலங்காரப் பொருளின் விலைக்கு மேல் வாங்குவதில் பயனில்லை.

வேகத்தைச் சோதிக்கக் கைக்கடிகாரம் போதும். சுப்பர் 8 படச்சுருளின் ஓர் அடியில் 72 படங்கள் இருப்பதால், நொடிக்கு 18 படம் என்ற வேகத்தில் அடிக்கு நான்கு நொடி ஆகும். பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டு, அடி காட்டும் முள் பத்து அடி நகர நாற்பது நொடிக்கு மிகவும் கூடுதலாக எடுத்தால், மோட்டரோ கிறீஸோ களைத்துவிட்டது என்று பொருள். சாவி முறுக்கும் கமராவைப் பொறுத்தவரை இடமும் காலமும்கூடக் கணக்கில் வரும். கொழும்பு வெயிலில் ஒழுங்காக ஓடிய கமரா, நுவரெலியாவின் தை மாதக் காலைக் குளிரில், இறுகிப்போன பழைய கிறீஸினால் இழுத்து இழுத்து ஓடும். அப்போது தையல் இயந்திர எண்ணெயை ஊற்றுகிறவர்கள் பலர். அந்த எண்ணெய் ஷட்டர் தகட்டுக்கும் லென்ஸுக்கும் பரவிய பின்புதான் கமரா என் மேசைக்கு வருகிறது. முதன்மை ஸ்பிரிங் இருக்கும் உருளையை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டில் கழற்றாதீர்கள். விரலைக் கிழிக்கும் விசை அதற்குள் இருக்கிறது.

நம் பகுதியில் கமராவைக் கொல்வது பெரும்பாலும் பூஞ்சணம்தான். தென்மேல் பருவ மழை தொடங்கினால் அற்றன், மஸ்கெலியா பக்கத்தில் அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறிவிடுகிறது. அழகுக்காகப் பாதுகாக்கப்படும் தோல் உறை அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சணத்துக்கு இரையும் ஆகிறது. கைத்தொலைபேசி வெளிச்சத்தை லென்ஸின் முன்புறம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரியும். முன் கண்ணாடியில் மட்டும் இருந்தால் துடைத்தெடுக்கலாம். ஸூம் லென்ஸின் உட்கண்ணாடிகளில் பரவி, பூஞ்சணத்தின் அமிலம் மேற்பூச்சை அரித்துவிட்டதானால், பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் குவியம் சரிபார்க்கும் கூலி கமராவின் விலையையே தாண்டிவிடும். அத்தகையதை நான் உதிரிப்பாகங்களுக்காக மட்டுமே வாங்குகிறேன். வாங்கிய கமராவை உறையிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள், தவிட்டுத் தூள் பற்சக்கரங்களுக்குள் போகும்.

பற்றரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வினாகிரி தொட்ட பஞ்சுக் குச்சியால் முனைகளைத் துடைக்கலாம். கசிவு வயர் வழியே உள்ளே ஏறியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 1960களிலும் 70களிலும் வந்த பல கமராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரசப் பற்றரிக்காக அமைக்கப்பட்டது. அந்தப் பற்றரி இப்போது விற்பனையில் இல்லை. அதன் இடத்தில் 1.5 வோல்ட் பற்றரியைப் போட்டால் ஒளிமானி முள் அசையும், விற்பவரும் மகிழ்ச்சியோடு அதைக் காட்டுவார். ஆனால் ஒளியைக் கூடுதலாகக் கணித்துப் படத்தை இருட்டாக்கிவிடும் கமராக்களே அதிகம். காது கேட்கும் கருவிக்கான சிங்க்-எயார் பற்றரி பழைய அளவுக்கு நெருங்கிய மின்னழுத்தம் தரும்.

விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கதவைத் திறக்குமுன் அடி காட்டும் முள்ளைப் பாருங்கள்; பாதியில் நின்றிருந்தால் உள்ளே படம் பிடித்த சுருள் இருக்கக்கூடும். கார்ட்ரிட்ஜ் என்றால் வெளிச்சம் பட்டால் சில படங்களே கெடும். பழைய எட்டுச் சுருளில் வெளிச் சுற்றுகள் முழுதும் போய்விடும் என்பதால், அதை இருட்டறையில்தான் எடுக்க வேண்டும். கோடக்கின் பழைய வண்ணச் சுருளான கோடக்குரோமாக இருந்தால் அதை வண்ணத்தில் கழுவிய கடைசி ஆய்வுகூடமும் 2010 இறுதியோடு சுருள் ஏற்பதை நிறுத்திவிட்டது; கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாம். சுருள் அந்த வீட்டுக்காரருடையது. கமராவுக்கு விலை பேசுமுன் அதைத் தனியே எடுத்து அவர்களிடம் கொடுத்துவிடுவதே என் வழக்கம்.