அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிய பிராக்கெட்

"கிளிப் போட்டு பத்து மாசம் ஆச்சு டாக்டர், இந்த ஒரு பல் மட்டும் ஏன் இன்னும் கோணலா நிக்குது?" கைக்கண்ணாடியில் தன் கடைவாயைப் பார்த்தபடியே கேட்டார் ஒரு மாணவி. சந்தேகப்பட்டு, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கடிக்கும் பரப்புக்கு மேலே பிடித்தேன். அப்போதுதான் விளங்கியது. கம்பி சொன்னதைப் பல் அப்படியே கேட்டிருக்கிறது. முன்கடைவாய்ப் பல்லின் நடுவில் இருக்க வேண்டிய பிராக்கெட், அதாவது பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்துவைக்கும் சின்னத் துண்டு, முன்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஒட்டியது நான்தான்.

இந்தத் தவறு பெரும்பாலும் அந்தப் பல்லில்தான் நடக்கும். நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து வாயின் உள்பக்கம் சாய்வாகத்தான் தெரியும். கன்னம் மறைக்கும், எச்சில் ஊறும். நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு முன்பக்கமாக ஒட்டிவிடுவோம். பல்லின் முகம் வளைவானது. அதனால் கம்பி இழுக்க இழுக்க பல்லின் முன்விளிம்பு வெளியே துருத்தித் திரும்பும். பசையை ஒளி காட்டி இறுக்குவதற்கு முன் மேலிருந்து ஒருமுறை கண்ணாடியில் பார்த்திருந்தால் போதும். பத்து விநாடி வேலை!

ஒரு காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகக் கம்பியை வளைத்தார்கள். லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர், சிகிச்சையே செய்யாமல் இயல்பாக அழகாக அமைந்த 120 பல்வரிசைகளின் வார்ப்பு மாதிரிகளை அளந்து, ஒவ்வொரு பல்லுக்கும் வேண்டிய சாய்வையும் கோணத்தையும் 1970களில் பிராக்கெட்டுக்குள்ளேயே அமைத்துவிட்டார். வளைக்கும் வேலை பெருமளவு குறைந்தது. ஆனால் ஒட்டும் இடம் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். பிராக்கெட்டில் கம்பி நுழையும் பள்ளத்தின் உயரமே பல வகைகளில் 0.022 அங்குலம்தான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். இதில் அரை மில்லிமீட்டர் பிசகுவதைச் சின்ன விஷயம் என்று எப்படிச் சொல்வது?

உயரம் தப்பினாலும் தொல்லைதான். ஈறை நோக்கி ஏற்றி ஒட்டினால் பல் நீண்டு இறங்கும். கடிக்கும் விளிம்பை நோக்கி ஒட்டினால் குட்டையாகத் தெரியும். ஈறு வீங்கியிருக்கும்போது பல்லின் பாதி மறைந்திருக்கும், நடு எது என்றே கண் ஏமாறும். "முதலில் பல் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் ஒட்டலாம்" என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால், தயவுசெய்து அலுத்துக்கொள்ளாதீர்கள்.

முனை உடைந்த முன்பல் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உடைந்த முனையிலிருந்தே அளவுகோல் வைத்து பிராக்கெட்டின் உயரத்தைக் குறித்தால், அந்தப் பல் கீழே இறங்கி மற்ற பற்களோடு சமமாகத் தெரியும். சிகிச்சை முடிந்தபிறகு முனையை அடைத்துக் கட்டினால் அந்த ஒன்று மட்டும் நீளமாக நிற்கும். அதனால் முனையை முதலில் கட்டுவதா, கடைசியிலா என்பதை ஒட்டும் நாளுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

பல்வரிசையின் மாதிரி அச்சிலோ கணினியிலோ இடத்தைக் குறித்து, பற்களின் மேல் பொருந்தும் தட்டு வழியாக எல்லா பிராக்கெட்டுகளையும் ஒரே நேரத்தில் ஒட்டும் முறையும் இருக்கிறது. உயர அளவுக்கு நல்ல உதவி. ஆனால் தட்டு முழுதாக உட்காராமல் போனாலோ, பல்லில் ஈரம் இருந்தாலோ கணினியால் ஒன்றும் செய்ய முடியாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு தப்பும். மெல்லிய கம்பிகளில் வரிசை ஓரளவு நேரானதும், தடித்த கம்பி போடும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து வேர்களின் சாய்வைப் பார்த்து, தவறானவற்றைக் கழற்றி மறுபடி ஒட்டுவது நல்ல வழக்கம். "ஏன் கழற்றுகிறார், முதலில் சரியாகச் செய்யவில்லையா?" என்று நினைக்க வேண்டாம். தவறு தெரிந்தும் விட்டுவைத்து, கம்பியை வளைத்துச் சமாளிப்பவரைவிட இவரை நம்பலாம்.

அந்த மாணவிக்கும் பிராக்கெட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, இந்த முறை மேலிருந்து பார்த்து ஒட்டினேன். மறுபடியும் மெல்லிய கம்பிக்கே திரும்ப வேண்டியிருந்தது. அவருக்கு இரண்டு மாதம் கூடுதலாக ஆனது, அதற்கான கட்டணத்தை நான் வாங்கவில்லை.