சாளைக் குஞ்சின் கட்டுச்சோறு

குளச்சலில் வாங்கிய சாளையில் (மத்தி மீனில்) சினை இருந்தால் எங்கள் வீட்டில் அது யாருக்கு என்று சண்டை நடக்கும். ஒரு மீனின் சினையில் பல்லாயிரம் முட்டைகள். கடலில் விழுந்திருந்தாலும் பெரும்பாலானவை பொரித்த சில நாளில் செத்துத்தான் போயிருக்கும். தின்ன வரும் மீன்கள் ஒரு காரணம், பசி இன்னொன்று.

சாளை முட்டை ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்துவிடும். வெளியே வரும் குஞ்சு கண்ணாடி இழை மாதிரி இருக்கும். வாய் திறந்திருக்காது, கண்ணில் கறுப்பும் ஏறியிருக்காது. வயிற்றடியில் தொங்கும் மஞ்சள்கருப் பைதான் அதன் கட்டுச்சோறு. நம் கடலின் வெதுவெதுப்பில் அது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் கண் கறுத்து, வாய் திறந்து, குடலும் தயாராக வேண்டும்.

சரி, அப்புறம் வேட்டை. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளின் குஞ்சுகள்தான் இரை. மீன்குஞ்சு உடலை வளைத்து, பாம்பு கொத்துவதுபோல் பாயும். ஆரம்பத்தில் பெரும்பாலும் தவறிவிடும். பார்வையும் எட்டாது, இரை மூக்கருகே இருந்தாக வேண்டும். ஆகவே கடலில் இரை மொத்தமாக எவ்வளவு என்பதைவிட, ஒரே இடத்தில் அடர்ந்து கிடக்கிறதா என்பதே முக்கியம்.

கிடைக்காவிட்டால், சேமித்த கொழுப்பும் ஈரலின் சர்க்கரையும் முதலில் கரையும். பிறகு தசை. உடல் மெலிந்து, தலை மட்டும் குண்டூசிக் கொண்டைபோல் பெரிதாகத் தெரியும். இதில் கொடுமை, குடலின் உட்சுவரும் சுருங்கிவிடுவது. சாப்பாடு வரும்போது செரிக்க ஆள் இல்லை! உயிர் இருக்கும், வாலும் அசையும், இரை முன்னால் வந்தாலும் பாயத் தெம்பிருக்காது. குளிர்கடலில் வாழும் சாளையின் உறவான ஹெர்ரிங் மீனின் குஞ்சுகளை ஆராய்ந்த பிளாக்ஸ்டரும் ஹெம்பெலும் 1963-இல் இதற்குத் 'திரும்ப முடியாத கட்டம்' என்று பெயர் வைத்தார்கள். குளிர்ந்த நீரில் அதை எட்டப் பல நாள் ஆகும். நெத்தோலி இனக் குஞ்சுக்கு வெப்பநீரில், மஞ்சள்கரு தீர்ந்தபின் ஒன்றிரண்டு நாள்தான் தவணை. சூட்டில் உடல் சீக்கிரம் எரிகிறது.

ஒரு வருட மீன்பாடு இந்தச் சில நாட்களில் முடிவாகிறது என்று நார்வேயின் மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் 1914-லேயே சொன்னார். முழுக்க அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆனி, ஆடியில் நம் மேற்குக் கரையில் காற்று மேல்நீரைத் தள்ள, அடியிலிருந்து சத்துள்ள குளிர்நீர் ஏறி மிதவை உயிர்கள் பெருகும் பருவத்தை ஒட்டியே சாளையும் முட்டையிடுகிறது.

பட்டினியில் செத்த குஞ்சை வலையில் பார்ப்பது அரிது. சோர்ந்ததை வேறு மீன் முந்தித் தின்றுவிடும். அதனால் பிடிபட்ட குஞ்சின் செல்களில் டிஎன்ஏவுக்கு எத்தனை பங்கு ஆர்என்ஏ இருக்கிறது என்று அளக்கிறார்கள். டிஎன்ஏ செல்லுக்கு இவ்வளவு என்று மாறாமல் இருக்கும். உடல் புரதம் செய்ய உதவும் ஆர்என்ஏ, சாப்பிட்டு வளரும் குஞ்சில் ஏறும், பட்டினி கிடந்ததில் இறங்கும்.