கல்லான கரியமில வாயு

ஐஸ்லாந்தில் ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கியிருந்த நீர்மூழ்கி மோட்டார் பழுதாகிவிட்டது. மேலே தூக்கிப் பார்த்தபோது அதன்மேல் கால்சைட் கெட்டியாகப் படிந்திருந்தது. உப்புத்தண்ணீர் ஊர்களில் குழாய்க்குள் காரைபோலப் பிடிக்குமே, அந்தச் சுண்ணாம்புக் கனிமம்தான். ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். அதிலிருந்த கரிமம், அவர்களே கரியமில வாயுவாகப் பூமிக்குள் அனுப்பியது!

இடம், ரெய்க்யவிக் நகருக்கு அருகிலுள்ள ஹெல்லிஷெய்டி புவிவெப்ப மின்நிலையம். புவியைச் சூடாக்கும் கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் பாறைக்குள் அடைக்க முயலும் 'கார்ப்ஃபிக்ஸ்' குழுவினர் 2012இல் அங்கே 400 முதல் 800 மீட்டர் ஆழத்திலுள்ள பசால்ட் எரிமலைப் பாறைக்குள் முதலில் 175 டன் தூய கரியமில வாயுவைச் செலுத்தினர். அடுத்து, மின்நிலையத்திலிருந்தே பிரித்த, ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயு.

வாயுவை அப்படியே புதைத்தால் அது மேலே ஏறப் பார்க்கும். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில் 1996 முதல் கடலடி மணற்பாறைக்குள் அடைக்கிறார்கள். அங்கே மேலேயுள்ள களிப்பாறை அடுக்குதான் மூடி. ஐஸ்லாந்தில் வாயுவைத் தண்ணீரில் கரைத்தே அனுப்பினார்கள். கோலி சோடாவின் கோலியை அமுக்கியதும் நுரைத்துப் பொங்குவது அழுத்தம் குறைவதால். நானூறு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் எடையே கோலியாக நிற்கிறது, வாயு குமிழாகாது. கரியமில வாயு கரைந்த நீர் சாதாரண நீரைவிடக் கனமானதால் கீழேதான் இறங்கும்.

அந்த நீர் அமிலம். பசால்ட்டை அரித்து, அதிலுள்ள கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றைக் கரைத்தெடுக்கும். அரிக்க அரிக்க அமிலம் தணியும். தணிந்ததும் அந்த உலோகங்கள் கரிமத்தோடு சேர்ந்து கார்பனேட் கனிமங்களாகப் பாறையின் துளைகளில் படிகின்றன. இனி அது வாயு அல்ல, கல். கசியுமோ என்று காவல் காக்க வேண்டியதில்லை.

கல்லானதை எப்படி உறுதிசெய்தார்கள்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். செலுத்திய வாயுவில் கரிமத்தின் கதிரியக்க வகையான கார்பன்-14ஐ அடையாளமாகச் சேர்த்தார்கள். கூடவே, எதனோடும் வினைபுரியாத சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடையும் கலந்தார்கள். நீரோட்டம் போகும் திசையில் இருந்த கண்காணிப்புக் கிணற்றில் மாதிரி எடுத்தபடியே இருந்தார்கள். நிலத்தடி நீரோடு கலந்து நீர்த்துப் போயிருந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வந்து சேர்ந்தது. அதோடு வந்திருக்க வேண்டிய கரிமத்தில் பெரும்பகுதியைக் காணவில்லை. வழியிலேயே பாறையாகிவிட்டது. 95 விழுக்காட்டுக்கும் மேல், இரண்டே ஆண்டுகளுக்குள்! நூற்றாண்டுகள் ஆகும் என்று கருதப்பட்டது. 2016இல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவு வெளியானது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு டன் வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் தண்ணீர் வேண்டும். மழைக்கும் பனிக்கும் குறைவில்லாத ஐஸ்லாந்துக்கு அது பாரமில்லை. இந்தியாவிலும் தக்காணத்தில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பசால்ட் கிடக்கிறது. ஆனால் குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் மராத்வாடா ஊர்களில் நன்னீரை இதற்குக் கேட்பது நியாயமாகாது. அதனால் கடல்நீரில் கரைத்துச் செலுத்தும் முயற்சியைத்தான் நான் ஆவலோடு கவனிக்கிறேன். ஐஸ்லாந்தின் ஹெல்குவிக் கரையில் அதற்கான சோதனையைத் தொடங்கியிருக்கிறார்கள்.