ஹைரோகிளிஃப்: தமிழில் என்ன சொல்வது?

கிரேக்கத்தில் 'ஹியரோஸ்' என்றால் புனிதமானது. 'கிளிஃபைன்' என்றால் செதுக்குவது. இரண்டும் சேர்ந்து பிறந்தது ஹைரோகிளிஃப். கோயில் சுவர்களில் பண்டைய எகிப்தியர் வெட்டிவைத்த பட வடிவ எழுத்தைப் பார்த்துக் கிரேக்கர்கள் இட்ட பெயர் இது. எகிப்தியர்களோ தங்கள் எழுத்தை 'மெது நெச்செர்', அதாவது கடவுளின் சொற்கள் என்றார்கள். தமிழில் சிலர் 'ஹீரோகிளிஃப்' என்று எழுதுகிறார்கள். ஹீரோ வேறு கிரேக்கச் சொல், இந்த எழுத்துக்கும் அதற்கும் உறவில்லை.

பெயரில் உள்ள 'செதுக்குதல்', இறந்தவரோடு கல்லறையில் வைத்த பாபிரஸ் (நாணல் தாள்) சுருள்களுக்குப் பொருந்தாது. அங்கே உளிக்கு என்ன வேலை? கோரைத்தண்டு எழுதுகோலைக் கரிமையில் தோய்த்து எழுதினார்கள்; தலைப்புகளுக்குச் செம்மண் கலந்த சிவப்பு மை. பறவைக் குறி என்றால் இறகையும் கண்ணையும் விட்டுவிட்டு, வெளிக்கோட்டை மட்டும் சடசடவென்று இழுத்துவிடுவார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் எழுத்தர் அனியின் சுருள் இப்படி எழுதப்பட்டதுதான். காலம் ஏறத்தாழ கி.மு. 1250, நீளம் சுமார் 24 மீட்டர். ஆகவே 'புனிதப் பொறிப்பு' என்ற நேர் மொழிபெயர்ப்பு சுவருக்குச் சரி, சுருளுக்கு ஆகாது.

அப்புறம் 'சித்திர எழுத்து', 'பட எழுத்து'. இவைதான் பரவலாகப் புழங்குகின்றன. ஆனால் படத்தைப் பார்த்தாலே பொருள் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தை இவை விதைக்கின்றன. ஐரோப்பிய அறிஞர்களும் நெடுங்காலம் அப்படி நம்பித்தான் வழி தெரியாமல் நின்றார்கள். இந்தக் குறிகள் பெரும்பாலும் ஒலியைக் குறிக்கின்றன என்று பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822இல் காட்டிய பிறகே பூட்டு திறந்தது.

அந்தக் கல்லறைச் சுருள்களின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'இறந்தோர் நூல்' என்பது 1842இல் லெப்சியுஸ் என்ற ஜெர்மானியர் பரப்பிய பெயர். எகிப்தியர் வைத்தது 'பெரெத் எம் ஹெரு', பகலில் வெளிவருதல். 'பெரெத்' என்று எழுத முதலில் ஒரு வீடு வரைவார்கள். வீட்டுக்கு அவர்கள் மொழியில் 'ப்', 'ர்' என்ற மெய்யொலிகள்; அந்த ஒலிக்காகத்தான் படம், வீட்டுக்காக அல்ல. அடுத்து ஒரு வாய்: 'ர்' ஒலியை உறுதிப்படுத்த. பிறகு ஒரு ரொட்டி: 'த்'. கடைசியில் நடக்கும் இரண்டு கால்கள். இதற்கு ஒலியே கிடையாது. 'இந்தச் சொல் நடமாட்டம் பற்றியது' என்று வகை சொல்லும் பொருட்குறி. வீடும் வாயும் ரொட்டியும் காலும் சேர்ந்து 'வெளிவருதல்'! படம் பார்த்துப் பொருள் சொல்பவர், யாரோ வீட்டில் ரொட்டி தின்றுவிட்டுக் கிளம்பினார் என்றுதான் சொல்லியிருப்பார். உயிரெழுத்தை அவர்கள் எழுதவில்லை. 'பெரெத்'தில் உள்ள எகரங்கள் வாசிக்க வசதியாக நாம் செருகியவை.

பழைய யாப்பிலக்கண உரையான யாப்பருங்கல விருத்தியில் 'உருவெழுத்து' என்று ஒரு சொல் உண்டு. கண்ட உருவத்தை ஓவியன் கைவினைபோல் எழுதிக் காட்டுவது என்று அங்கே விளக்கம். என் தேர்வு அதுதான்: எகிப்திய உருவெழுத்து. எழுத்துக்கு உருவம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. உருவம்தான் பொருள் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சுருளில் உள்ள மைக்கோட்டு வகையை 'கோட்டுருவெழுத்து' எனலாம்.

வாசிக்கத் தொடங்குபவருக்கு ஒன்று. பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் இந்தச் சுருள்கள் பலவற்றில் விதி தலைகீழ்: குறிகள் வலப்புறம் பார்க்கும், செங்குத்து வரிகளையோ இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.