சி.எஸ்.ஆர். பணத்தில் உங்களுக்கு உள்ள உரிமையும் இல்லாத உரிமையும்

சி.எஸ்.ஆர். என்பது நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடும் ஏற்பாடு. ‘கம்பெனியின் சி.எஸ்.ஆர். ஒதுக்கீட்டில் நர்சிங் சீட்டு’, ‘சி.எஸ்.ஆர். கோட்டாவில் ஆஸ்பத்திரி வேலை’ என்ற பேச்சை நம்பி, நகையை அடகு வைத்துப் பதிவுக் கட்டணம் செலுத்திய பெற்றோரைக் குமரி மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். அப்படியொரு சீட்டோ கோட்டாவோ எந்தச் சட்டத்திலும் இல்லை.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயையோ விற்றுமுதல் 1,000 கோடியையோ நிகர மதிப்பு 500 கோடியையோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் மருத்துவமும் தொழிற்பயிற்சியும் அவற்றுள் அடங்கும். ஆனால் எந்த ஊரில், யாருக்கு என்பதை முடிவு செய்வது அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு மட்டுமே. திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும், சில வாரங்கள் கழித்து ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற பதிலும் வரலாம். நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்த மேசையில் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆகவே ஓர் அறக்கட்டளை உங்களிடம் வந்து நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், கம்பெனி விவகார அமைச்சகத்தில் அது பெற்றிருக்கும் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் அந்தப் பதிவு இல்லாமல் புதிய சி.எஸ்.ஆர். பணியை எந்த அறக்கட்டளையும் ஏற்க முடியாது. அனுமதிக்கப்பட்ட திட்டங்களை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் விதி; இணையதளம் இருந்தும் அதில் அந்தத் திட்டம் காணப்படவில்லை என்றால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

செவிலியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் கவனிக்க வேண்டியது வேறொன்று. தன் ஊழியர்களுக்காக மட்டும் ஒரு நிறுவனம் செய்யும் செலவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. எனவே, வேலை பார்க்கும் மருத்துவமனையே ‘சி.எஸ்.ஆர். பயிற்சி’ என்று சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால், அது பெரும்பாலும் உங்களை அங்கேயே கட்டிப்போடும் பாண்டுதான். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்க வேண்டாம். வெளிநாட்டு வேலை கைக்கு வரும் நேரத்தில் அவற்றைத் திரும்பப் பெறுவதற்குள் விசா நாள் போய்விடும்.

தனி நபர் நேரடியாக விண்ணப்பிக்க வழியுள்ளது பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில்தான். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய இத்திட்டத்தில், சி.எஸ்.ஆர். செலவில் முன்னணியில் உள்ள 500 நிறுவனங்களில் பயிற்சி உண்டு; முன்னோட்டக் கட்டத்தில் அது 12 மாதம். அந்தக் கட்டத்தில் மாத உதவித்தொகையான 5,000 ரூபாயில் 500-ஐ நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணத்திலிருந்தும் 4,500-ஐ மத்திய அரசும் தந்தன. சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய் வந்தது. வருகையைப் பார்த்து நிறுவனம் தன் பங்கை விடுவித்த பிறகே அரசின் பங்கு வரும் என்பதால், அங்கே தாமதமானால் மொத்தமும் தாமதமாகும்.

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் தகுதி விதிகளில்தான் இருக்கின்றன. முன்னோட்டக் கட்டத்தில் வயது 21 முதல் 24 வரை. முதுகலைப் பட்டம் முடித்தவர், எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படித்தவர், முழுநேரமாகப் படிப்பவர், முழுநேர வேலையில் இருப்பவர் ஆகியோருக்கு இடமில்லை. வீட்டுக்கு ஒரு எம்.ஏ. இருக்கும் மாவட்டத்தில், கூடுதலாகப் படித்ததே தகுதிக் குறைவாகிவிடுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. குடும்பத்தில் யாரும் நிரந்தர அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்பதில்தான் குழப்பம் அதிகம். இங்கே குடும்பம் என்பது விண்ணப்பிப்பவர், பெற்றோர், கணவர் அல்லது மனைவி மட்டுமே. அக்காவோ அண்ணனோ அரசுப் பள்ளி ஆசிரியராக இருப்பது தடையல்ல. அம்மா ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தச் செவிலியராக இருப்பதும் தடையல்ல. அவர் நிரந்தரமானவர் என்றால் தடை. பொதுத்துறை நிறுவனங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் இந்த ‘அரசு’ என்ற கணக்கில் வரும்.

வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அலைந்து கடைசித் தேதியைக் கோட்டைவிடாதீர்கள். பதிவுக்கு ஆதாரும் கல்விச் சான்றுகளும் போதும், மற்றவற்றுக்குச் சுய உறுதிமொழி போதுமானது. ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு மட்டும் உயிரோட்டத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஓசூரிலோ சென்னையிலோ இடம் கிடைத்தால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இந்த உதவித்தொகை காணாது என்பதையும், பயிற்சி முடிந்ததும் வேலை தர நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை என்பதையும் வீட்டில் பேசிவிட்டே சம்மதம் தெரிவியுங்கள். விதிகள் கட்டத்துக்குக் கட்டம் மாறக்கூடும். ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பாமல், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ள அப்போதைய அறிவிப்பைப் படியுங்கள்.

ஏற்கெனவே யாருக்காவது இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணத்தை முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். அந்த நபர் அனுப்பிய செய்திகளையும் பணப் பரிமாற்ற எண்ணையும் அழிக்காமல் வைத்திருங்கள். காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.