கேஸ் மருந்து கேட்டு வந்தவர்

என் மருந்துக் கடையில் ஒரு கடன் நோட்டு உண்டு. நீல அட்டை போட்ட நீள நோட்டு. அதில் ஒரு பக்கம் பல வருடமாக அண்ணன் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. பாலக்கோடு தக்காளி மண்டியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை "மருந்துக்காரரே" என்பார். போன ஆடியில், 52 வயதில், ஒரே ராத்திரியில் போய்விட்டார். அவர் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, நாலு பேருக்காவது தெரியட்டும்" என்று அவர் மகள்தான் சொன்னாள்.

யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் போன் போவது அவருக்குத்தான். மலையடிவாரத்தில் மண் ரோடு, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது என்றால், தக்காளிக் கிரேடுகளை இறக்கி வைத்துவிட்டு மினி லாரியில் பாய் விரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த வார்டு எந்த மாடி, ஓ.பி. சீட்டு எங்கே போடுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. தக்காளி விலை சரிந்து, ஏற்றி வந்த வாடகைக்கே காசு தேறாமல் விவசாயி மண்டி வாசலில் நிற்கும்போது, வாடகையை இவர் கொடுத்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் என் கடையில் வண்டியை நிறுத்துவார். மகளுக்கு இரண்டு இருமல் மிட்டாய். அவள் ஒன்றாம் வகுப்பில் சளி பிடித்தபோது தொடங்கிய பழக்கம். கல்லூரி இரண்டாம் வருடம் வந்த பிறகும் நிற்கவில்லை. அதை மட்டும் நோட்டில் எழுத விடமாட்டார். சில்லறையைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுத்தான் எடுப்பார்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி தாண்டி வந்தார். "மருந்துக்காரரே, மத்தியானத்திலிருந்து ஒரே கேஸா இருக்குது. மேல ஏறி வந்து அடைக்குது. ஒரு ஜெல் பாட்டில் குடுங்க" என்றார். உள்ளங்கையை நடு நெஞ்சில் வைத்துத் தொண்டை வரைக்கும் தேய்த்துக் காட்டினார். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது, கடைக்குள் எனக்கே குளிர்ந்தது. அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. பார்த்தேன். மண்டியில் லோடு ஏற்றிவிட்டு வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். நின்ற இடத்திலேயே இரண்டு மூடி குடித்தார், ஏப்பம் விட்டார், "இப்ப பரவாயில்லை" என்றார். இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டார். தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

விடியற்காலை மண்டிக்குக் கிளம்ப எழுந்தவர் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். ஆனால் இந்த ஊரில் நெஞ்சில் ஏதோ செய்கிறது என்றால் டாக்டரிடம் போகும் முன் என் கடைக்குத்தான் வருகிறார்கள். "கேஸ்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ அடங்கிவிடுகிறது. நெஞ்சு கரித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், தாடை வலித்தாலும் கேஸ். சோடா, ஓமத் தண்ணீர், ஜெல் என்று ராத்திரி கழிந்துவிடுகிறது.

வருவது இதயத்திலிருந்து என்றால் அது ஏன் வயிறு மாதிரி தெரிகிறது? இதயத்தின் கீழ்ச்சுவர் உட்கார்ந்திருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல். அதற்கு நேர் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் சேதி கொண்டு போகும் நரம்புகள் நெருக்கமான பாதைகளில் போவதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் மேல்வயிற்றில் அடைப்பு, குமட்டல், ஏப்பம் எல்லாம் மாரடைப்பிலும் வரும். ஏப்பம் விட்டதும் லேசானது என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. ஜெல் குடித்ததும் குறைந்தது என்பதும் அப்படித்தான். அண்ணனும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் இந்த நரம்புகளே மழுங்கிப் போகும். சினிமாவில் காட்டுவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலி இவர்களுக்கு வர வேண்டும் என்று இல்லை. வெறும் வியர்வை, மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, இவ்வளவுதான் இருக்கும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்கூட இப்படி வரலாம். அதனால் நாற்பது தாண்டியவர், அதிலும் சர்க்கரையோ பிரஷரோ பீடிப் பழக்கமோ உள்ளவர், நெஞ்சு அடைக்கிறது என்று வியர்த்துக்கொண்டு நின்றால், ஈசிஜி எடுத்துப் பார்க்கும் வரை அதைக் கேஸ் என்று சொல்லாதீர்கள். நானும் இப்போது சொல்வதில்லை.

உள்ளே நடப்பது இதுதான்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் படிந்திருந்த கொழுப்பு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, வழியை அடைத்துவிடுகிறது. அடைத்த கொஞ்ச நேரத்திலேயே தசை சாகத் தொடங்குகிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு 12 மணி நேரம் வரை பலன் இருக்கும் என்றாலும், முதல் ஒரு மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் அப்புறம் கிடைப்பதில்லை. மத்தியானம் தொடங்கிய வலிக்கு அண்ணன் என்னிடம் வந்ததே ராத்திரி ஒன்பதுக்கு மேல். அப்போதும் நேரம் இருந்தது. இது எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வருகிறது.

108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மறக்காதீர்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் டோஸை அங்கேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் ஆஸ்பிரின் இருந்தால், 108-ல் பேசும்போதே கொடுக்கலாமா என்று கேளுங்கள். கொடுக்கச் சொன்னால் சுமார் 300 மில்லிகிராம், விழுங்காமல் மென்று சாப்பிட வேண்டும். அப்போதுதான் சீக்கிரம் ஏறும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், குடல் புண்ணில் ரத்தம் கசிந்தவர், வாய் கோணி கை கால் இழுத்துக்கொண்டவர், இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையை வாங்கி வைக்காதீர்கள். பிரஷர் திடீரென்று இறங்கி ஆளே மயங்கிவிடலாம். பலமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் பொய்.

ஆள் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், நடு நெஞ்சில் இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, நெஞ்சு 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை. அண்ணன் வீட்டில் அன்றைக்கு நான்கு பேர் இருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், உள்ளங்கால் தேய்த்தார்கள். நெஞ்சை இப்படி அழுத்த வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் மகன் கடைக்கு வந்தான். ஓசூரில் கம்பெனி வேலை. "அப்பா கணக்கு பாக்கி இருக்கும், பார்த்துச் சொல்லுங்க மாமா" என்றான். நோட்டைத் திறந்து வாசித்தேன். பின் தெரு பாட்டிக்கு இன்ஹேலர். மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்குப் பிரஷர் மாத்திரை. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து. மறுபடி பாட்டிக்கு இன்ஹேலர். கேட்டுக்கொண்டே இருந்தவன், "இதுல அப்பாவுக்கு வாங்கினது எது மாமா?" என்றான்.

பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500, ஒரு மாதத்துக்கு. தேதி நான்கு மாதத்துக்கு முந்தியது. அதற்கப்புறம் இல்லை. சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் அண்ணன் மண்டியில் இருப்பார், இல்லை யாரையாவது ஏற்றிக்கொண்டு தர்மபுரியில் இருப்பார். ஊருக்கே ஓடுகிற மனிதர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் மாத்திரைப் பட்டையை எடுத்து எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நல்லாத்தான் இருக்கேன் என்று அவர் சொல்வதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டேன்.

இப்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களின் அடுத்த தேதியைத் தனி நோட்டில் குறித்து வைக்கிறேன். தேதி தாண்டினால் போன் செய்கிறேன்.

போன வாரம் ராத்திரி கடை சாத்தும் நேரம் ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். "கேஸுக்கு ஏதாச்சும் குடு சாமி" என்றார். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று ஈரமாக இருந்தது. மருந்து கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார். 108 வந்ததும் பேரனோடு ஏற்றி அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கி நானும் பின்னாலேயே போனேன். முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் உடனே வீட்டுக்கு விடமாட்டார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்து, இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்று காலையில் அனுப்பினார்கள்.

மறுநாள் சாயங்காலம் பெரியவர் கடைக்கு வந்து ஜெல் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.